பறிக்க முடியாத குரல்: கலீனா விஷ்னேவ்ஸ்கயாவின் வாழ்வும் கலையும்

தோற்றுவாய்

கலைஞரை ஆள்வோர் போற்றுவது உலக வரலாற்றில் புதியதன்று. பொன்னும் பொருளும் பட்டமும் அளித்துப் பாடகரையும் புலவரையும் பேணிய மன்னர் பலர். எனினும், இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய சோவியத் ஒன்றியம் தன் கலைஞர்களைப் பேணிய முறை வேறு வகையானது. அங்கே அரங்கம் அரசினுடையது. ஊதியம் தருவது அரசு. குடியிருக்கும் வீடு, வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு, வானொலியில் ஒலிக்கும் வாய்ப்பு, இசைத்தட்டுப் பதிவு, செய்தித்தாளில் பாராட்டு ஆகிய அனைத்தும் அரசின் கையிலேயே இருந்தன. கொடுக்கும் கை ஒன்றே. எடுக்கும் கையும் அதுவே. ஓர் அரசனைப் பிடிக்காவிடின் வேறோர் அரசனை நாடிச் செல்லும் உரிமை பழங்காலக் கலைஞனுக்கு இருந்தது. சோவியத் கலைஞனுக்கு அவ்வுரிமையும் இல்லை.

இத்தகைய ஆட்சியின்கீழ்ப் பிறந்து, அதன் மிக உயர்ந்த சிறப்புகளையெல்லாம் பெற்று, பின்னர் அவை அனைத்தையும் ஒருங்கே இழந்தவர் கலீனா விஷ்னேவ்ஸ்கயா அம்மையார். அவர் இசைநாடகப் பாடகி. அவருடைய வாழ்க்கையை ஆராய்வோர்க்கு ஒரு வினா எழும். எல்லாவற்றையும் அரசே தந்ததாயின், எல்லாவற்றையும் அரசு பறித்த பின்னர் கலைஞரிடம் எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு அம்மையாரின் வாழ்வு கூறும் விடையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைநாடகமும் ஆட்சியும்

மேலைநாட்டார் ஓப்பரா என வழங்கும் இசைநாடகம், உரையாடலுக்கு இடையே பாட்டு வரும் நாடகமன்று. தொடக்கம் முதல் இறுதிவரை பெரும்பாலும் பாட்டாகவே அமைவது. பல்லியக் குழுவினர் பலர் ஒருங்கே இசைக்க, ஒலிபெருக்கியின் துணையின்றி, அப்பேரொலியைக் கடந்து அரங்கின் கடைசி வரிசைவரை தன் குரல் எட்டுமாறு பாடகர் பாட வேண்டும். பாடிக்கொண்டே நடிக்கவும் வேண்டும். ஆகவே, இக்கலையில் குரல் என்பது பிறவிக் கொடை மட்டுமன்று. நெடுநாள் உழைப்பால் உருவாக்கப்படும் கருவியுமாகும்.

ஜார் மன்னர் காலத்துச் செல்வர்கள் துய்த்த இக்கலையைப் புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி ஒழித்துவிடவில்லை, மாறாக, தனதாக்கிக்கொண்டது. மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கம் ஆட்சியின் பெருமைக்கு அடையாளமாயிற்று. வெளிநாட்டுத் தலைவர்கள் வருகை தரும்போது அவர்களை அழைத்துச் சென்று அமர்த்தும் இடம் அதுவே. ஆனால், பெருமை பொருந்திய அவ்விடத்திலேயே அச்சமும் குடிகொண்டிருந்தது.

இதற்குச் சான்றாக நிற்பது ஷோஸ்டகோவிச் இயற்றிய 'மத்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத்' என்னும் இசைநாடகம். லெஸ்கோவ் எழுதிய கதையைத் தழுவியது அது. வணிகன் ஒருவனின் மனைவி கத்தெரீனா. அன்பற்ற வீட்டில் அடைபட்டு வாழ்பவள். பணியாள் ஒருவன்பால் காதல் கொள்கிறாள். அக்காதலுக்காகக் கொலையும் செய்கிறாள். இறுதியில் சைபீரியாவுக்குக் கைதியாக நடந்து செல்லும் வழியில் காதலனாலும் கைவிடப்பட்டு ஆற்றில் வீழ்ந்து மாய்கிறாள். 1934இல் அரங்கேறிய இந்நாடகம் இரண்டாண்டுகள் பெரும் வரவேற்புடன் நடந்தது. 1936 ஜனவரி 26ஆம் நாள் ஸ்டாலின் அதனைக் காண வந்தார். இரண்டு நாள் கழித்துப் 'பிராவ்தா' நாளிதழில், 'இசைக்குப் பதில் குழப்பம்' என்னும் தலைப்பில், எழுதியவர் பெயரின்றி ஒரு கண்டனம் வெளிவந்தது. அத்துடன் அந்நாடகம் மேடையிலிருந்து மறைந்தது. கத்தெரீனா என்னும் அப்பாத்திரம் இக்கட்டுரையில் மீண்டும் இருமுறை வரும். ஆகவே நினைவில் கொள்ளுதல் நலம்.

தீவில் வளர்ந்த சிறுமி

கலீனா 1926 அக்டோபர் 25ஆம் நாள் லெனின்கிராட் நகரில் பிறந்தார். அந்நகரின் இன்றைய பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பெற்றோர் பிரிந்துவிட்டமையால் தந்தையைப் பெற்ற பாட்டியே குழந்தையை வளர்த்தார். பின்லாந்து வளைகுடாவில் உள்ள ஒரு தீவில் குரோன்ஸ்டாட் என்னும் கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே, பலர் சேர்ந்து குடியிருந்த பொதுக் குடியிருப்பின் ஓர் அறையில் அவர் இளமை கழிந்தது. எந்நேரமும் பாடிக்கொண்டிருந்த அச்சிறுமியை அண்டை வீட்டார் 'கலைக்காரி' என்று வேடிக்கையாக அழைத்தனர்.

பத்து வயதளவில் அவருடைய தாய் ஓர் இசைத்தட்டுப் பெட்டியைப் பரிசளித்தார். அதனுடன் சைக்கோவ்ஸ்கியின் 'எவ்கேனி ஒனேகின்' இசைநாடகத் தட்டுகளும் வந்தன. பூஷ்கினின் காவியத்தைத் தழுவிய நாடகம் அது. நாட்டுப்புறப் பெண்ணான தத்தியானா, ஒனேகின் என்னும் நகரத்து இளைஞன்மேல் காதல் கொண்டு, ஓரிரவு முழுதும் விழித்திருந்து அவனுக்கு மடல் எழுதுகிறாள். அவன் அவளை மறுத்துவிடுகிறான். ஆண்டுகள் பல கழிந்து, அவள் வேறொருவரின் மனைவியாகிப் பெருமதிப்புடன் வாழும்போது அவன் திரும்பி வந்து மன்றாடுகிறான். அவன்மேல் அவளுக்கு அன்பு மாறவில்லை. ஆயினும் தன் கடமையைக் கருதி அவனைப் போகச் சொல்லுகிறாள். அத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அச்சிறுமி நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். எழுத்தறிந்த ஆசிரியர் கற்பித்ததன்று. இசைத்தட்டு கற்பித்த முதற்பாடம் அது.

1941 செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி 27வரை 872 நாள்கள் நீடித்த அம்முற்றுகை மாந்தர் வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. 1941 நவம்பர் இறுதியில் உழைக்கும் ஆற்றலற்றோர்க்கும் சிறுவர்க்கும் நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டியே. அதிலும் மாவல்லாத கலப்புப் பொருள்கள் மிகுதி. குரோன்ஸ்டாட் தீவையும் பசி விட்டுவைக்கவில்லை. வளர்த்த பாட்டி அக்குளிர்காலத்தில் உயிர் நீத்தார். பதினைந்து வயதுக் கலீனா தனியரானார்.

1942இல் வான்தாக்குதல் தற்காப்புக்காக அமைக்கப்பட்ட பெண்கள் அணியில் அவர் சேர்க்கப்பட்டார். இடிபாடுகளை அகற்றுதலும் பழைய மரவீடுகளை விறகுக்காக உடைத்தலும் காவலிருத்தலும் அவ்வணியின் பணிகள். பகலில் அவ்வேலை, மாலையில் கடற்படை வீரர்களின் இசைக்குழுவோடு சேர்ந்து கப்பல்களிலும் கோட்டைகளிலும் பாட்டு. மறுநாள் உயிரோடு இருப்போமா என்று அறியாத வீரர்களே அவருடைய முதல் அவையோர். லெனின்கிராடைக் காத்தமைக்கான பதக்கம் அவருக்கு 1943இல் வழங்கப்பட்டது. ஆட்சியிடமிருந்து அவர் பெற்ற முதற்சிறப்பு அது; பாட்டுக்காக மட்டும் பெற்றதன்று, பட்டினி கிடந்து காத்து நின்றமைக்காகவும் பெற்றது.

குரல் அமைந்த வரலாறு

போரின் இறுதிக் கட்டத்தில், 1944இல், அவர் லெனின்கிராட் வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றிசை நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அக்குழு ஊர் ஊராகச் சென்றது. கணப்பு இல்லாத மண்டபங்கள், வேலையாள் குடில்களே தங்குமிடம், ஓய்வில்லாத பயணம். அவ்வாண்டுகளில் ஒரு கடற்படை வீரருடன் நடந்த முதல் திருமணம் விரைவிலேயே முறிந்தது. அவருடைய குடும்பப் பெயரான விஷ்னேவ்ஸ்கயா மட்டும் நிலைத்தது. பின்னர், தாம் இருந்த நாடகக் குழுவை நடத்திய மார்க் ரூபின் என்பவரை மணந்தார். பிறந்த ஆண்குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. அடுத்துக் காசநோயும் வந்தது. நுரையீரலைச் சுருங்கச் செய்யும் சிகிச்சையை மருத்துவர்கள் பரிந்துரைத்தபோது, பாட இயலாமற் போகும் என்று அஞ்சி அதனை மறுத்துவிட்டதாக அம்மையார் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். உயிரா குரலா என்று கேட்கப்பட்ட நிலையில் அவர் குரலின் பக்கம் நின்றார்.

அவர் இசைக்கல்லூரியில் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவரல்லர். முதலில் பெற்ற தவறான பயிற்சியால் உச்ச ஒலிகளை எட்டும் ஆற்றலையே இழந்திருந்தார். இந்நிலையில் லெனின்கிராடில் வேரா கரீனா என்னும் முதிய ஆசிரியையைச் சந்தித்தார். அவ்வாசிரியை மாணவியின் குரலைக் கேட்டு, அதன் உண்மை இயல்பு உயர்ந்த சுருதியே என்று கண்டறிந்தார். மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே தாங்குவது, எவ்வாறு விடுவிப்பது என்று அடிப்படையிலிருந்து தொடங்கினார். இரண்டாண்டு உழைப்பின் பயனாய் இழந்த ஒலிகள் மீண்டன. உலகம் பின்னாளில் வியந்து கேட்ட குரல், பெயரும் புகழும் நாடாத ஓர் ஆசிரியையின் சிற்றறையில் உருவானது. ஆசிரியப் பணியில் உள்ளோர் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

பொல்ஷோய் அரங்கில்

1952இல் பொல்ஷோய் அரங்கம் இளம் பாடகரைத் தேர்ந்தெடுக்கப் போட்டி ஒன்றை நடத்தியது. கல்லூரிப் பட்டமில்லாத விஷ்னேவ்ஸ்கயா அதில் பங்கேற்றுத் தேர்வு பெற்றார். ஆனால், குரல் மட்டும் போதுமானதாக இல்லை. சேர்க்கைக்கு முன் நீண்ட வினாப்படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். உறவினருள் எவரேனும் கைதானவர் உண்டா என்பதும் அதில் ஒரு வினா. அவருடைய தந்தை அரசியல் குற்றப் பிரிவின்கீழ்க் கைதானவர். உண்மையை எழுதியிருந்தால் பொல்ஷோயின் கதவு அடைபட்டிருக்கும். அவர் அதனை மறைத்தார். நாட்டின் தலைசிறந்த அரங்கில் அவருடைய வாழ்வு ஒரு மறைப்போடுதான் தொடங்கியது. அக்காலத்தில் இவ்வாறு மறைத்து வாழ்ந்தோர் எண்ணற்றோர். அச்சம் என்பது அங்கே அன்றாட வாழ்வின் ஒரு பகுதி.

1953இல் அவ்வரங்கில் அவர் ஏற்ற முதற்பெரும் பாத்திரம் தத்தியானா. இசைத்தட்டில் கேட்டு மனப்பாடம் செய்த அதே பாட்டு! முதிய பாடகியர் பருத்த உடலுடன் நின்றவிடத்தில் நின்று பாடி வந்த பாத்திரத்தை, இருபத்தாறு வயதினராகிய அவர் துடிப்பும் நாணமும் கொண்ட இளம்பெண்ணாகவே மேடையில் நடமாடச் செய்தார். அடுத்த ஆண்டு, பேத்தோவனின் 'பிடேலியோ' நாடகத்தில் லெயோனோராவாகத் தோன்றினார். அநியாயமாகச் சிறையிடப்பட்ட கணவனை மீட்க ஆண்வேடம் பூண்டு சிறைக்குள் நுழையும் பெண் அவள். ஸ்டாலின் மறைந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. சிறை முகாம்களிலிருந்து மக்கள் திரும்பத் தொடங்கியிருந்த காலமும் அதுவே. தந்தையின் கைதை மறைத்து அரங்கினுள் நுழைந்த பாடகி, கைதியை மீட்கும் மனைவியாகப் பாடியதை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

1955இல் பிராகு நகர இசைவிழாவுக்குச் சென்றவிடத்தில் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியில் வல்லவரான ம்ஸ்திஸ்லாவ் ரோஸ்த்ரபோவிச்சோடு பழக்கம் ஏற்பட்டது. சில நாள்களுக்குள்ளேயே இருவரும் மணம் செய்துகொள்ள முடிவு செய்தனர். ஓல்கா, எலீனா என இரு பெண்மக்கள் பிறந்தனர். அக்காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த புல்கானின் தம்மீது நாட்டம் கொண்டு விருந்துகளுக்கு இடைவிடாது அழைத்ததையும், அவ்வழைப்புகளுக்குத் தாம் இணங்க மறுத்ததையும் அம்மையார் ஒளிக்காமல் எழுதியுள்ளார். உயர்ந்தோர் விருந்தில் பாடுவதும் கலைஞரின் கடமை என்று கருதப்பட்ட நாட்டில், 'வர இயலாது' என்று சொல்வதே ஒரு துணிவு.

லீசா, வியோலெத்தா, மதாம் பட்டர்பிளை, தோஸ்கா, புரோக்கோபியேவின் 'போரும் அமைதியும்' நாடகத்து நத்தாஷா எனப் பாத்திரங்கள் தொடர்ந்தன. 1961இல் நியூயார்க் மெட்ரோபோலிட்டன் அரங்கிலும், 1962இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலும் அயிதாவாகப் பாடினார். 1964இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் 'தூரந்தோத்' நாடகத்தின் லியூவாகத் தோன்றினார். வெளிநாட்டில் கிடைத்த ஊதியத்தின் பெரும்பகுதியைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அன்றைய முறை. 1966இல் 'சோவியத் ஒன்றிய மக்கள் கலைஞர்' என்னும் மிக உயர்ந்த பட்டம் அவரை வந்தடைந்தது.

அவருக்கென எழுந்த பாடல்கள்

பட்டங்கள் அரசு தந்தவை. அரசு தராத வேறொரு செல்வமும் அவருக்குக் கிடைத்தது. அஃது இசைமேதையரின் நம்பிக்கை.

ஷோஸ்டகோவிச் 1960இல், சாஷா சோர்னி என்னும் கவிஞரின் அங்கதப் பாடல்கள் ஐந்துக்கு இசையமைத்து அம்மையாருக்கு உரிமையாக்கினார். புரட்சிக்கு முற்பட்ட காலத்துப் பாடல்களாயினும், வருங்காலம் நன்றாயிருக்கும் என்னும் ஆறுதலை எள்ளி நகையாடும் அவற்றின் போக்கு, தணிக்கையாளரை உறுத்தும் என்பது தெளிவு. 'கடந்தகாலச் சித்திரங்கள்' என்னும் துணைத்தலைப்பைச் சேர்த்தால் தடை வாராது என்று யோசனை கூறியவர் அம்மையாரே. தலைப்பு கடந்தகாலத்தைச் சுட்டியது. கேட்டோர் நிகழ்காலத்தை உணர்ந்துகொண்டனர்.

1962இல் ஷோஸ்டகோவிச், முசோர்க்ஸ்கியின் 'சாவின் பாடல்களும் ஆடல்களும்' என்னும் தொகுப்பைப் பல்லியத்துக்கு அமைத்து அதனையும் அவருக்கே உரிமையாக்கினார். மாரடைப்பிலிருந்து மீண்டு வந்த பின்னர், 1967இல் அலெக்சாந்தர் புளோக்கின் ஏழு கவிதைகளுக்கு இசையமைத்தார். அதுவும் அவருக்கு உரிமையாக்கப்பட்டதே. வயலின், செல்லோ, பியானோ ஆகிய மூன்றும் ஒரு பெண்குரலும் மட்டுமே அதில் உள்ளன. சாவைப் பற்றிய கவிதைகளால் அமைந்த பதினான்காம் சிம்பொனி 1969 செப்டம்பரில் லெனின்கிராடில் அரங்கேறியபோதும் பாடியவர் அவரே.

இவையனைத்தினும் முதன்மையானது கத்தெரீனா. முப்பதாண்டுகளுக்கு முன் பழிக்கப்பட்ட நாடகத்தை ஷோஸ்டகோவிச் திருத்தியமைத்தார். 'கத்தெரீனா இஸ்மாயிலவா' என்னும் புதுப்பெயரோடு அது 1963இல் மாஸ்கோவில் மேடை ஏறியது. 1966இல் திரைப்படமாகவும் வந்தது. அப்படத்தில் கத்தெரீனாவாகப் பாடியும் நடித்தும் தோன்றியவர் விஷ்னேவ்ஸ்கயா. ஆயினும் அது திருத்தப்பட்ட வடிவம். மூல வடிவம் இன்னும் மௌனமாகவே கிடந்தது.

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் 'போர் இரங்கற்பா'வில் ஒரு பகுதியை இவருடைய குரலை எண்ணியே எழுதினார். 1940இல் ஜெர்மானியர் குண்டுவீசி அழித்த கோவென்ட்ரி பேராலயத்தின் பக்கத்தில் புதிய ஆலயம் எழுந்தது. அதன் திறப்பையொட்டி 1962 மே 30ஆம் நாள் அவ்விசை அரங்கேறவிருந்தது. ஆங்கிலேயர் ஒருவர், ஜெர்மானியர் ஒருவர், ரஷ்யர் ஒருவர் என, போரில் துயருற்ற மூன்று நாட்டவரும் ஒரே மேடையில் பாடவேண்டும் என்பது பிரிட்டனின் வேட்கை. முற்றுகையில் பாட்டியை இழந்த பெண்ணைவிட அம்மேடைக்குத் தக்கவர் யார்? ஆனால் சோவியத் அரசு இசைவு தர மறுத்தது. அம்மையாரின் இடத்தில் வட அயர்லாந்துப் பாடகி ஹெதர் ஹார்ப்பர், பத்தே நாளில் பாடலைக் கற்றுப் பாடினார். 1963 ஜனவரியில் இலண்டனில் அவ்விசை தட்டில் பதிவானபோதுதான் மூன்று குரலும் ஒன்று சேர்ந்தன. அவ்விசைத்தட்டு ஐந்தே மாதங்களில் 200,000 படிகள் விற்றது.

அப்பதிவின்போது நிகழ்ந்த ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். மற்ற இரு பாடகரிடமிருந்து பிரித்துத் தம்மைப் பாடற்குழுவினரோடு நிறுத்தியதைத் தமக்கு நேர்ந்த இழிவாகக் கருதி, அம்மையார் தரையில் படுத்துக் கூச்சலிட்டார் என்று பதிவின் தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். இசையின் அமைப்பே அவ்வாறு என்பது அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் அமைதியாக வந்து பாடினார். அவர் முனிவரல்லர், சினமும் தன்மதிப்பும் மிக்கவர். பின்வரும் நிகழ்ச்சிகளில் அவரைத் தாங்கி நின்றதும் அத்தன்மதிப்பே.

புகலிடமும் மடலும்

1969இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் சோல்ஷெனித்சின் ஆட்சியின் சினத்துக்கு ஆளாகியிருந்தார். சிறை முகாம் வாழ்வை எழுதியவர் அவர். அவ்வாண்டு நவம்பரில் எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் நீக்கப்பட்டார். குளிரையும் நோயையும் தாங்கும் வசதியற்ற குடிலில் அவர் வாழ்வதைக் கண்ட ரோஸ்த்ரபோவிச், மாஸ்கோவை அடுத்த ஜுகோவ்கா என்னும் ஊரில் இருந்த தம் கோடைக்கால இல்லத்தில் அவரைக் குடியமர்த்தினார். அம்மையாரும் அதற்கு இணங்கினார். ஓர் எழுத்தாளருக்குக் குளிர்காலத்தில் தங்க இடம் கொடுத்தது அரசியல் செயலாயிற்று.

1970இல் சோல்ஷெனித்சினுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சோவியத் இதழ்கள் அவரைத் தூற்றின. அக்டோபர் 31ஆம் நாள் ரோஸ்த்ரபோவிச் நாட்டின் முதன்மை நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு வெளிப்படை மடல் ஒன்று எழுதினார். இலக்கியத்தையும் கலையையும் பற்றி இறுதித் தீர்ப்புக் கூறும் உரிமை அத்துறை அறியாதவர்களிடம் ஏன் இருக்கிறது என்பதே அம்மடலின் சாரம். உள்நாட்டு இதழ் எதுவும் அதனை வெளியிடவில்லை. வெளிநாட்டு இதழ்கள் வெளியிட்டன. இதன் விளைவு யாதாகும் என்பதை அம்மையார் கணவரைவிட நன்கு உணர்ந்திருந்தார். செல்லோவை எங்கும் வாசிக்கலாம். இசைநாடகப் பாடகிக்கோ அரங்கம் வேண்டும், பல்லியம் வேண்டும், உடன் பாடுவோர் வேண்டும். மடலால் முதலில் இழக்கப்போவது தம் மேடையே என்று அறிந்தும் அவர் கணவரோடு நின்றார்.

தண்டனை வெளிப்படையாக வரவில்லை. 1971இல் அவருக்கு லெனின் விருதுகூட வழங்கப்பட்டது. ஆனால், வெளிநாட்டுப் பயணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்டன. வானொலியில் அவர் குரல் அருகியது. நாடகத்தைப் பாராட்டி எழுதும் இதழ்கள் முதன்மைப் பாத்திரத்தில் பாடியவர் பெயரை மட்டும் விட்டுவிட்டன. பாடினார், ஆனால், பாடியதாக எங்கும் பதிவாகவில்லை. ஒரு கலைஞரை உயிரோடு மறையச் செய்யும் முறை இதுவே. 1974இல் 'தோஸ்கா' நாடகத்தை இசைத்தட்டில் பதிவு செய்ய இசைவு கிடைத்து வேலையும் தொடங்கியது. பாதியில் அது நிறுத்தப்பட்டது. கலைக்காகக் காதலுக்காக வாழ்ந்த ஒரு பாடகி, கொடிய ஆட்சியாளன் ஒருவனால் அலைக்கழிக்கப்படுவதே அந்நாடகத்தின் கதை என்பதை வாசகர் நினைவுகூரலாம். இந்நிகழ்ச்சிக்குப் பின் கணவனும் மனைவியும் இரண்டாண்டு வெளிநாடு செல்ல இசைவு வேண்டிப் பிரெஷ்னேவுக்கு விண்ணப்பித்தனர். அமெரிக்கச் செனட்டர் எட்வர்டு கென்னடியும் அவர்களுக்காகப் பேசினார். இசைவு வந்தது. மே மாதம் ரோஸ்த்ரபோவிச்சும், அவரைத் தொடர்ந்து அம்மையாரும் மக்களும் நாட்டை விட்டுச் சென்றனர்.

நாடிழந்த பின்னர்

அம்மையாருக்கு அப்போது வயது நாற்பத்தேழு. குரலின் பொற்காலம் கழிந்து, அதன் மாலைப்பொழுது தொடங்கும் வயது. எனினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேடைகள் காத்திருந்தன. தாய்நாட்டில் பாதியில் நின்ற 'தோஸ்கா' மேலைநாட்டில் முழுமையாகப் பதிவாயிற்று. 1977இல் ரோஸ்த்ரபோவிச் வாஷிங்டன் தேசியப் பல்லியக் குழுவின் இசை இயக்குநரானார்.

1978 மார்ச் 15ஆம் நாள் சோவியத் உச்சமன்றத் தலைமைக் குழு ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ரோஸ்த்ரபோவிச், விஷ்னேவ்ஸ்கயா இருவரின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. பாரிசில் இருந்த அவர்கள் இச்செய்தியைத் தொலைக்காட்சி வாயிலாகவே அறிந்தனர். முற்றுகையில் பட்டினி கிடந்து நாட்டைக் காத்தமைக்குப் பதக்கம் பெற்ற பெண், நாட்டுக்கு எதிரானவர் என்று அறிவிக்கப்பட்டார்.

அதற்கு அடுத்த மாதத்தில் நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் உச்சம். 1978 ஏப்ரலில், இலண்டன் பதிவுக் கூடமொன்றில், ஷோஸ்டகோவிச்சின் 'லேடி மேக்பெத்' அதன் மூல வடிவில் முழுமையாக இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டது. பல்லியத்தை நடத்தியவர் ரோஸ்த்ரபோவிச். கத்தெரீனாவாகப் பாடியவர் விஷ்னேவ்ஸ்கயா. 1936இல் ஒரு செய்தித்தாள் கட்டுரையால் வாயடைக்கப்பட்ட இசை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, நாடற்றவர் இருவரின் முயற்சியால் உலகச் செவிகளை எட்டியது. அதனைக் கேட்க ஷோஸ்டகோவிச் இல்லை. 1975 ஆகஸ்டிலேயே அவர் காலமாகிவிட்டார். கடைசிக் காட்சியில் கைதிகள் நடந்து செல்லும் வழியில் கத்தெரீனா பாடும் பாட்டு, காட்டின் நடுவே உள்ள ஏரியைப் பற்றியது. அதன் நீர் தன் மனச்சான்றைப் போலக் கறுத்திருப்பதாக அவள் பாடுகிறாள். அவ்விடத்தில் அம்மையாரின் குரலில் இனிமை குறைவு என்பார் உண்டு. இனிமை அங்கே தேவையில்லை, உண்மைதான் தேவை.

1982இல் பாரிசு இசைநாடக அரங்கில், தத்தியானாவாகவே பாடி, அவர் இசைநாடக மேடையிலிருந்து விடைபெற்றார். முதற்பாத்திரமே இறுதிப் பாத்திரமுமாயிற்று. 1984இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. சோவியத் இசையுலகின் உள்ளறைகளைக் காட்டும் அந்நூல் அரிய ஆவணம் என்பதில் ஐயமில்லை. எனினும், உடன் பாடியவர் சிலரை அதில் அவர் கடுமையாகச் சாடியிருக்கிறார். காயமுற்ற ஒருவரின் சான்று அது. வரலாறு பயிலும் மாணவர் அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே படித்தல் வேண்டும்.

மீட்சியும் இறுதிக் காலமும்

1990 ஜனவரியில் கோர்பச்சேவ் ஆட்சி அவர்களின் குடியுரிமையை மீட்டளித்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மாஸ்கோ மண்ணில் கால்வைத்தனர். மறுஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமே மறைந்தது. பறித்த அரசு மறைந்து, பறிகொடுத்தவர் நிலைத்தது காலத்தின் தீர்ப்பு.

2002இல் மாஸ்கோவில் அம்மையாரின் பெயரால் இசைநாடகப் பயிற்சி மையம் ஒன்று திறக்கப்பட்டது. முறையான கல்லூரிப் பயிற்சி இன்றி வளர்ந்தவர், இளம் பாடகர்க்குப் பாத்திரங்களை நுணுக்கமாகக் கற்பிக்கும் ஆசிரியரானார். வேரா கரீனாவிடம் பெற்றதை அடுத்த தலைமுறைக்குத் திருப்பித் தந்தார். 2007இல் சோகுரோவ் இயக்கிய 'அலெக்சாந்தரா' என்னும் திரைப்படத்தில், போர்முனையில் இருக்கும் பேரனைக் காணச் செல்லும் பாட்டியாக நடித்தார். பாடாமலே அவையோரைக் கட்டி நிறுத்தினார்.

2006இல் பொல்ஷோய் அரங்கம் 'எவ்கேனி ஒனேகின்' நாடகத்தைப் புதிய முறையில் அமைத்து மேடையேற்றியது. அதனைக் கண்ட அம்மையார், பூஷ்கினுக்கும் சைக்கோவ்ஸ்கிக்கும் இழுக்கு நேர்ந்ததாகச் சீற்றமுற்றுத் தம் எண்பதாம் பிறந்தநாள் விழாவை அவ்வரங்கில் கொண்டாட மறுத்துவிட்டார். கலையில் பிறர் தலையீட்டால் துன்புற்றவர் இளையோரின் புதுமுயற்சியை இவ்வளவு கடிந்துரைக்கலாமா என்று சிலர் வினவினர். வினா நியாயமானதே. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அம்மையார் நாடகத்தை நிறுத்தச் சொல்லி ஆணையிடவில்லை. ஆணையிடும் அதிகாரமும் அவரிடம் இல்லை. தாம் வாராதிருக்கும் உரிமையை மட்டுமே பயன்படுத்தினார். பார்வையாளர் எழுந்து செல்வது வேறு; அரசு நாடகத்தை அழிப்பது வேறு.

ரோஸ்த்ரபோவிச் 2007 ஏப்ரல் 27ஆம் நாள் காலமானார். விஷ்னேவ்ஸ்கயா அம்மையார் 2012 டிசம்பர் 11ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில், மாஸ்கோவில் இயற்கை எய்தினார். நோவோதேவிச்சி இடுகாட்டில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது திரும்புவோம். எல்லாம் பறிக்கப்பட்ட பின்னர் கலைஞரிடம் எஞ்சுவது யாது? அரங்கம் போயிற்று, பட்டம் போயிற்று, இதழ்களில் பெயர் போயிற்று, இறுதியில் நாடும் போயிற்று. எஞ்சியவை மூன்று. முதலாவது, ஒரு முதிய ஆசிரியை மூச்சு மூச்சாகத் திருத்தித் தந்த பயிற்சி. இரண்டாவது, ஷோஸ்டகோவிச்சும் பிரிட்டனும் அக்குரலை நம்பி எழுதிய இசை. மூன்றாவது, விலை தெரிந்தே ஒரு நண்பருக்குக் கதவு திறந்த நெஞ்சு. இம்மூன்றும் அரசு தந்தவையல்ல. ஆகவே அரசால் எடுக்க முடிந்தவையும் அல்ல.

இதனால், அரசு தந்த அரங்கமும் ஊதியமும் பயனற்றவை என்று கொள்ளலாகாது. பொல்ஷோய் இல்லையேல் விஷ்னேவ்ஸ்கயா இல்லை. நாட்டின் ஆதரவு கலைக்குத் தேவை. ஆனால், ஆதரவு என்பது கலைஞரின் நாவுக்கு இடும் பூட்டாக மாறலாகாது என்பதே அவர் வாழ்வு தரும் படிப்பினை. 1978 ஏப்ரலில் பதிவான அவ்விசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. மாணவர்கள் அதனைத் தேடிக் கேட்கலாம். மொழி புரியாவிடினும், கடைசிக் காட்சியில் கத்தெரீனா பாடத் தொடங்கும்போது, குடியுரிமை இழந்து ஒரு மாதமே ஆன ஒரு பெண் அங்கே பாடிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டல் வேண்டும்.